இரண்டாயிரத்து நாலாம் வருஷத்துப் பாட்டில்

வெண்மதிக்கு ஒரு சக்களத்தி இருந்தாள். பிரான்ஸ் தேசத்தில், தரைக்கு அடியில், சுண்ணாம்புப் பாறையைக் குடைந்த நிலவறையில் வெளிச்சம் படாமல் படுத்துக் கிடந்தாள். பெண் என்று நினைத்துவிட வேண்டாம், பாட்டில். பெண்ணாக இருந்திருந்தால் நாலு வார்த்தை ஏசியாவது மனசு ஆறியிருக்கும். பாட்டிலை என்னவென்று ஏசுவது?

அவள் புருஷன் அன்பரசு கீரப்பாளையத்துக்காரன். 2004ஆம் வருஷம் ஆவணி மாதம், அவள் முழுகாமல் இருக்கும்போது, பாண்டிச்சேரியில் இருந்த தூரத்து உறவுக்காரர் ஒருவரோடு விமானம் ஏறினான். வாங்கிப்போனது சுற்றிப் பார்க்கிற விசா. போய் இறங்கிய நேரம் அங்கே திராட்சை அறுவடை. ஆள் கிடைக்காமல் அலைந்துகொண்டிருந்தார்கள். "கொஞ்ச நாளு பறிச்சுட்டு வந்துடறன்" என்றான். விசா முடிந்தது, ஆள் வரவில்லை. அந்த நாட்டில் தங்க அனுமதிக்கிற கார்டு கையில் இல்லாமல் ஊருக்கு வந்துவிட்டால் திரும்ப உள்ளே விடமாட்டார்கள். கார்டு வரட்டும், கார்டு வரட்டும் என்று போனிலேயே குடித்தனம் நடத்தினான். மகளுக்கு இசைவாணி என்று பேர் வைத்ததும் போனில்தான்.

வெண்மதி கடலூர் திருப்பாதிரிப்புலியூரில், மாமியார் தைலம்மாளையும் மகளையும் வைத்துக்கொண்டு ஒரு மாடி வீட்டில் இருந்தாள். தனியார் ஆஸ்பத்திரி ஒன்றில் லேப் டெக்னீஷியன் வேலை. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் வரும். "சாப்ட்டீங்களா, குளுருதா" என்பதோடு சரி, அந்த ஊரைப் பற்றி அவள் வேறெதையும் கேட்டதில்லை. அவள் கேட்க நினைத்தது ஒன்றே ஒன்றுதான்: எப்ப வர்றீங்க? அதற்கு அவனிடம் பதில் கிடையாது. பதில் இல்லாத இடத்தில் கொண்டுவந்து பாட்டிலை வைப்பான்.

"கறுப்புத் திராட்சதான் வெண்மதி. ஆனா ஒயின் வெள்ளையா வருது. மெதுவா அமுக்கி, தோலுலேருந்து சாயம் எறங்கறதுக்குள்ள சாற வடிச்சுடணும். கையாலதான் பறிக்கணும், ஒரு பழம் நசுங்கக் கூடாது."

இன்னொரு வாரம், "வழக்கமா பல வருஷத்து ஒயினையும் கலந்துதான் பாட்டில்ல அடைப்பாங்க. ஒரு வருஷம் வெளச்சல் அப்பிடியே தங்கமாட்டம் அமைஞ்சாதான் அத தனியா எடுத்து, அந்த வருஷத்த மேல எழுதி அடைப்பாங்க. நான் வந்து எறங்குன வருஷம் அப்பிடி அமைஞ்சிருக்குது. நான் பறிச்சது!" என்றான். குரலில் அத்தனை பெருமை.

வெண்மதிக்குப் பிரசவமாகிக் கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. "அந்த வருஷத்து வெளச்சல் இன்னொண்ணு இங்க தொட்டில்ல கெடக்குது. அத எப்ப வந்து பாக்கப் போறீங்க?" என்றாள். அதற்கு அவன், "மொதலாளியம்மா என்ன நெலவறை வேலைக்கு எடுத்துக்கிட்டாங்க" என்றான்.

கேட்கக் கூடாது என்று நினைத்தாலும் அவளுடைய லேப் புத்தி கேட்டுவிடும். பாட்டிலுக்குள் கொஞ்சம் சர்க்கரையும் ஈஸ்ட்டும் போட்டு, சோடா மூடி போட்டு இறுக்கிவிடுவார்களாம். ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று காற்றாக விடும். காற்றுக்குப் போக வழியில்லை, ஒயினுக்குள்ளேயே கரைந்துவிடும். தின்று முடித்த ஈஸ்ட் செத்து வண்டலாகப் படியும். அந்த வண்டலின் மேலேயே ஒயினை வருஷக்கணக்காகப் படுக்க வைத்திருப்பார்களாம். ருசி ஏறுவது அங்கேதானாம். கடைசியில் பாட்டிலைத் தலைகீழாகச் சாய்த்து மரப்பலகைத் துளையில் சொருகி, தினம் கொஞ்சம் கொஞ்சமாகக் கையால் திருப்பினால் வண்டல் கழுத்துக்கு இறங்கிவிடும். கழுத்தை மட்டும் உறையவைத்து மூடியைத் திறந்தால், உள்ளேயிருக்கிற காற்றே அந்த ஐஸ் கட்டியை வண்டலோடு வெளியே தள்ளிவிடும். பிறகு கார்க்கு, அதன்மேல் கம்பி.

"நாங்க ரத்தத்த மெஷின்ல வச்சு சுத்துனா நிமிஷத்துல படிஞ்சிடும். ஒங்க ஊர்ல இதுக்கு வருஷமா?" என்றாள்.

"அவசரப்படுத்துனா ருசி வராது."

"பாட்டிலத் திருப்பத்தான் அவ்ளோ தூரம் போனீங்களா?" என்று கேட்டுவிட்டாள். கேட்டபிறகு பாவமாக இருந்தது. தரைக்கு அடியில் குளிரில் நின்று கை மரத்துப்போகத் திருப்புகிறவன் அவன்தானே.

ஒருமுறை போனில் அவன் குரல் வேறு மாதிரி இருந்தது. "இன்னிக்கு மொதலாளியம்மா அந்த வருஷத்து பாட்டில் ஒண்ணத் தொறந்து மோந்து பாக்கச் சொன்னாங்க. என்ன வாசன வருதுன்னு கேட்டாங்க. எனக்கு ஒந் தம்பி கொட்டா வாசன வந்துது வெண்மதி. முந்திரிப் பருப்ப சூடு காட்டித் தோலு உரிக்கறப்ப வருமே, அது. ஒன்ன பொண்ணு பாக்க வந்தன்னைக்கி ஒம் பொடவையில அடிச்சுதே, அதே வாசன."

"ரொம்ப ஐஸ் வைக்காதீங்க" என்று போனை வைத்தாள் வெண்மதி. பொண்டாட்டியின் வாசனையைப் போயும் போயும் பாட்டிலில் தேடுகிறவனை என்னதான் செய்வது?

வெண்மதிக்குப் பிறந்த ஊர் காடாம்புலியூர். அங்கே தம்பி கதிரவனுக்கு முந்திரித் தோப்பும், கொட்டை வறுத்து உடைக்கிற ஒரு கொட்டகையும் இருந்தன. லீவு விட்டால் இசைவாணி அங்கேதான் கிடப்பாள். அவளுக்கு ஆண்பிள்ளைத் துணை என்றால் மாமாதான். 2011 டிசம்பர் கடைசியில் வந்த தானே புயல் அந்தத் தோப்பை ஒரே ராத்திரியில் வேரோடு படுக்கப் போட்டுவிட்டது. கொட்டகைக் கூரையும் போயிற்று. வாய் ஓயாமல் கேலி பேசிக்கொண்டிருந்த கதிரவன் அதற்குப்பிறகு சிரித்து யாரும் பார்க்கவில்லை. சாய்ந்த மரங்களை விறகுக்கு ஏற்றிவிட்ட அன்று அக்காவுக்குப் போன் செய்து, எத்தனை லோடு என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டான்.

அடுத்த வருஷம் அன்பரசுக்குக் கார்டு வந்தது. ஆவணியில் வருகிறேன், அறுவடைக்கு முன்னால் திரும்ப வேண்டும், இனிமேல் உங்கள் ரெண்டு பேரையும் அழைத்துக்கொள்ளலாம், வருவாயா என்று கேட்டான். இத்தனை வருஷம் தனியாகக் காபந்து பண்ணிய வாழ்க்கையை வெண்மதி உடனே மூட்டை கட்டிவிடுவாளா? "இசை ஒங்கள அப்பான்னு கூப்புடட்டும். அப்பறம் பேசலாம்" என்றாள். அடம் என்று சொல்லிவிட முடியாது. பிள்ளைக்குப் பிடிக்காத மனிதனோடு பிள்ளையைத் தெரியாத ஊரில் கொண்டுபோய் அடைக்க அவளுக்கு மனசு வரவில்லை. அதைவிட இன்னொன்றும் இருந்தது. அவனுக்கு நாங்கள் முக்கியமா, அந்தப் பாட்டில் முக்கியமா என்று அவளுக்கே இன்னும் தெரியவில்லை.

இசைவாணிக்கு அப்பா மேல் ஒரு பெரிய வழக்கே இருந்தது. காது! வகுப்பில் எல்லாப் பெண்களும் தோடும் தொங்கட்டானும் ஆட்டிக்கொண்டு திரிய, அவளுக்கு மட்டும் காது மூளியாக இருந்தது. தகப்பன் பக்கத்தில் உட்காராமல் பேத்திக்குக் காது குத்தக் கூடாது என்று தைலம்மாள் ஒற்றைக்காலில் நின்றுவிட்டாள். அப்படியாவது மகன் சீக்கிரம் வந்துவிட மாட்டானா என்கிற நப்பாசைதான். கிழவியின் ஆசைக்குப் பிள்ளையின் காது பணயம். "அவுரு வராததாலதான் எனக்குக் கம்மல் இல்ல" என்று இசைவாணி தெருவெல்லாம் சொல்லி வைத்திருந்தாள். அப்பா என்ற சொல் அவள் வாயில் வராது, "அவுரு"தான்.

அவுரு வந்தார். முன்நெற்றி ஏறி, கொஞ்சம் கூன் விழுந்து, வாசலில் செருப்பைக் கழற்றக்கூடத் தோன்றாமல் நின்றார். மகளுக்கென்று வாங்கி வந்த கவுன் முழங்கையிலேயே சிக்கிக்கொண்டது. அவன் மனசில் இருந்த பிள்ளை இவளைவிட ரெண்டு வயசு சின்னவள். இசைவாணி விருந்தாளியிடம் சொல்வதுபோல் "தாங்க்ஸ்" என்று சொல்லிவிட்டு அம்மாவுக்குப் பின்னால் போய்விட்டாள். அன்பரசு அந்தக் கவுனை மடிக்கத் தெரியாமல் மடித்துக்கொண்டே இருந்தான். வெண்மதி அதை வாங்கி மடித்துக் கொடுத்தாள்.

ஆனால் அடுத்த நிமிஷமே அவள் வயிறு எரியும்படி ஒரு காரியம் செய்தான். பெட்டிக்கு அடியிலிருந்து, லுங்கியில் சுற்றி, ரெண்டு ஸ்வெட்டருக்கு நடுவே வைத்திருந்த அந்தப் பாட்டிலை எடுத்தான். பச்சை நிறம், தடித்த கண்ணாடி, மேலே 2004 என்று பொன்னெழுத்து. பிரிட்ஜில் இட்லி மாவுக் குண்டானை நகர்த்தி அதைப் படுக்க வைத்தான். அந்த வருஷம் கரண்ட் இருக்கிற நேரத்தைவிட இல்லாத நேரம்தான் ஜாஸ்தி. கரண்ட் போகும்போதெல்லாம் எழுந்துபோய்ப் பாட்டிலைத் தொட்டுப் பார்ப்பான். காய்ச்சல் வந்த பிள்ளையைக்கூட யாரும் அப்படித் தொட்டுப் பார்த்திருக்க மாட்டார்கள்.

"சத்தமில்லாம ஒரு சாயந்திரம், நாம ரெண்டு பேரும் இதக் குடிக்கணும்" என்றான்.

"நான் எதுக்கு? நீங்களும் அதுவும் இருங்க" என்றாள்.

நல்ல நாள் பார்த்து, கீரப்பாளையத்தில் குலதெய்வம் கோயிலில் காதுகுத்து வைத்தார்கள். கதிரவன் தாய்மாமன் சீரோடு வந்திறங்கினான். தட்டில் புதுக் கம்மல். தோப்பு போன பின்னால் அதை எப்படி வாங்கினான் என்று வெண்மதி கேட்கவில்லை. கேட்டால் அவன் முகம் சுருங்கிவிடும். மாமா மடியில் இசைவாணி உட்கார்ந்தாள். பக்கத்தில், இத்தனை வருஷம் காலியாகக் காத்திருந்த இடத்தில், அன்பரசு. ஆசாரி ஊசியை எடுத்தபோது அவன்தான் கண்ணை மூடிக்கொண்டான். பிள்ளை உதட்டை மடித்துக் கடித்துக்கொண்டு, ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை.

"ஏண்டி, வலிக்கலையா?" என்று பிறகு வெண்மதி கேட்டாள்.

"வலிச்சுது. அவுரு முன்னாடி நான் அழுவ மாட்டன்" என்றாள் இசைவாணி.

அன்பரசு பின்னால்தான் நின்றிருந்தான். காதில் விழாததுபோல் போய் வேனில் ஏறிக்கொண்டான்.

சிதம்பரத்தில் ஒரு சின்ன மண்டபத்தில் உறவுக்காரர்களுக்குச் சாப்பாடு போட்டு அனுப்பிவிட்டு, கடலூர் வந்து சேர்ந்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. வழக்கம்போலக் கரண்ட் இல்லை. எல்லோரும் மொட்டை மாடிக்கு ஏறினார்கள். கதிரவனும் அன்று தங்கிவிட்டான். மற்ற மூன்று பெரியவர்களும் மனசில்லாத மனசோடு உட்கார்ந்திருப்பதைப் பார்த்த தைலம்மாள், "எதுக்குடா அந்தச் சீசாவ வச்சிக்கினு பூச பண்ற? கொண்டாந்து ஒடைங்க. அக்கம்பக்கத்துல தெரியாம துண்டப் போட்டு மூடிக் கொண்டா" என்றாள். சாராயக் கடைப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காத தைலம்மாள்! அவளுக்கே பொறுக்கவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்பரசு வெண்மதியைப் பார்த்தான். ரெண்டு பேருக்கென்று வைத்திருந்தது. அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சரி என்று எழுந்தான். துறைமுகத்துப் பக்கம் மீனுக்குப் போடுகிற ஐஸைக் கதிரவன் வாங்கி வந்து அலசிக் கொடுக்க, பிளாஸ்டிக் பக்கெட்டில் கழுத்துவரை ஐஸோடு பாட்டில் மாடிக்கு வந்தது. நன்றாகக் குளிர்ந்த பிறகு கம்பியைத் தளர்த்தினான் அன்பரசு.

"இதத் தொறக்கறப்ப சத்தமே வரக்கூடாது மச்சான். பெருமூச்சு மாதிரி உஸ்ஸுன்னு வரணும். அவ்ளோதான்."

"இன்னிக்கு எல்லாத்துலயும் மொத மரியாத தாய்மாமனுக்கு. அவன் கையில குடுடா" என்றாள் தைலம்மாள்.

அன்பரசு கொஞ்சம் தயங்கினான். மறுக்க முடியுமா? காதுகுத்தன்று தாய்மாமனுக்கு இல்லை என்று சொல்கிற தைரியம் இந்தப் பக்கத்தில் யாருக்கு உண்டு? பாட்டிலை மச்சான் கையில் கொடுத்து, "கார்க்க கெட்டியா புடிச்சுக்கினு பாட்டில மட்டும் திருப்பு" என்று சொல்லிவிட்டு, எவர்சில்வர் டம்ளர்களை எடுக்கத் திரும்பினான்.

கதிரவன் பாட்டிலைக் கையில் வைத்துப் பார்த்தான். கனமாக, சில்லென்று இருந்தது. கம்மல் மின்ன மின்ன மருமகள் எதிரே நின்றாள். இந்த மாதிரிப் பாட்டிலை அவன் டிவியில் பார்த்திருக்கிறான். ஜெயித்த கிரிக்கெட் டீம் என்ன செய்யும் என்று அவனுக்குத் தெரியாதா? புயலுக்கு அப்புறம் அந்தக் குடும்பத்தில் நடந்த முதல் நல்ல காரியம் இது. அவனுக்குள் என்ன பொங்கியதோ, "இசைக் குட்டிக்கு ஜே!" என்று கத்திக்கொண்டு, பாட்டிலைத் தலைக்குமேல் தூக்கி, பலம்கொண்ட மட்டும் குலுக்கு குலுக்கென்று குலுக்கிவிட்டான்.

"ஐயோ மச்சான்!" என்று அன்பரசு அலறியதும், கார்க்கு பக்கத்து வீட்டு ஓட்டில் போய் விழுந்ததும் ஒன்றாக நடந்தன. நுரை பீய்ச்சிக்கொண்டு கிளம்பியது. தைலம்மாள் தலையில், காயப்போட்ட வடகத்தில், தண்ணீர்த் தொட்டியில், எங்கும் ஒயின். கதிரவன் வாய்விட்டுச் சிரித்தான். எத்தனை மாதம் கழித்து அந்தச் சிரிப்பு! சிரித்துக்கொண்டே மருமகள் பக்கம் பாட்டிலைத் திருப்பினான்.

இசைவாணியின் தலையிலும் முகத்திலும் நுரை அடித்தது. காலையில் குத்திய பச்சைப் புண்ணில் புளிப்பும் போதையும் பட்டால் எப்படி இருக்கும்? வீறிட்டாள். ஊசிக்கு அழாமல் அடக்கி வைத்திருந்ததும் சேர்ந்து வந்தது. கதிரவன் அப்படியே விறைத்துப்போய்ப் பாட்டிலைக் கீழே போட்டான். அது உடையாமல் உருண்டு, இருந்ததையும் தளத்தில் கொட்டிக்கொண்டே அன்பரசுவின் காலடிக்குப் போயிற்று.

குனிந்து நிமிர்த்தி வைத்திருந்தால் பாதியாவது மிஞ்சியிருக்கும். வெண்மதி அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போது குனிவான், இப்போது எடுப்பான் என்று காத்திருந்தாள். அவன் பறித்த திராட்சை. அவன் கை மரத்துப்போகத் திருப்பிய பாட்டில்.

அன்பரசு அதைத் தாண்டிக்கொண்டு ஓடினான். மகளை அள்ளித் தூக்கி, சட்டையால் துடைத்து, காதோரம் வாயை வைத்து ஊதினான். "ஒண்ணுமில்லடா, ஒண்ணுமில்லடா" என்று சொல்லிச் சொல்லி ஊதினான். அவன் கண்ணிலிருந்தும் கொட்டிக்கொண்டிருந்தது. பிள்ளை முதலில் திமிறினாள். பிறகு திமிறல் நின்றது. அழுகை விக்கலானது. விக்கிக்கொண்டே முகத்தை மறுபக்கம் திருப்பி, அடுத்த காதைக் காட்டினாள்.

"இதுலயும் எரியுதுப்பா. ஊதுங்க."

அவன் ஊதினான். பிள்ளை சொன்ன சொல் அவனுக்குக் காதில் விழுந்ததா என்றுகூடத் தெரியவில்லை. அவன் தோள் குலுங்கியதைப் பார்த்தபோது விழுந்திருக்கிறது என்று தெரிந்தது.

பாட்டிலை நிமிர்த்தி வைத்தவள் தைலம்மாள்தான். "அடியில கொஞ்சம் கெடக்குதுடி" என்று ஒரு டம்ளரில் வடித்து வெண்மதியிடம் நீட்டினாள். கதிரவன் கைகளைப் பிசைந்துகொண்டு, "தெரியாம பண்ணிட்டன் மாமா. டிவியில அப்பிடித்தான செய்றாங்க. எத்தினி வருஷத்துது, நாசம் பண்ணிட்டனே. எங்கைக்கு எதுவும் நெலைக்காது மாமா" என்று உடைந்துபோய் நின்றான்.

"நீ சிரிச்சியே மச்சான்" என்றான் அன்பரசு, பிள்ளையைத் தோளில் சாய்த்தபடி. "போவுது வுடு."

வெண்மதி டம்ளரை வாயில் வைத்தாள். முதலில் நாக்கில் சுருக்கென்று குத்தியது. எலுமிச்சம்பழத் தோலைக் கடித்த மாதிரி ஒரு புளிப்பு. சே, இதுக்கா இத்தனை பாடு என்று முகம் சுளித்தாள். விழுங்கிய பிறகுதான் அது தன் குணத்தைக் காட்டியது. பேக்கரியில் அப்போதுதான் எடுத்த பொறை ரொட்டி வாசனை மாதிரி ஏதோ மேலே எழுந்தது. அதுவும் அடங்கியபிறகு, மூக்குக்கு உள்ளே, மெதுவாக, விடாமல்...

"மாமா, என் சட்ட ஒங்க கொட்டா வாசன அடிக்குது" என்றாள் இசைவாணி, நனைந்த தோள்பட்டையை முகர்ந்து. "பருப்பு வறுப்பீங்களே, அது."

கதிரவன் கிட்டே வந்து மருமகளின் சட்டையை முகர்ந்தான். நம்பாமல் இன்னொரு தரம் முகர்ந்தான். பிறகு அப்படியே தளத்தில் உட்கார்ந்து, முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டான்.

அன்று போனில் அவன் ஐஸ் வைக்கவில்லை, நிஜத்தைத்தான் சொல்லியிருக்கிறான். அந்த இருட்டறையில், அத்தனை வருஷம், அவன் கட்டிக்கொண்டு கிடந்தது சக்களத்தியை அல்ல. வெண்மதிக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. டம்ளரில் மிஞ்சியிருந்த ஒரு வாயை அவனிடம் நீட்டினாள். அவனுக்கு ரெண்டு கையிலும் பிள்ளை. அவளே அவன் வாயில் ஊற்றினாள்.

"ஏங்க, அந்த ஊர்ல ஸ்கூலு எந்த மாசம் தொறப்பாங்க?" என்று கேட்டாள்.

பதில் இல்லாதபோதெல்லாம் பாட்டிலைப் பற்றிப் பேசியவனுக்கு, இன்று பதில் தெரிந்திருந்தது. மகளின் காதில் ஒருதரம் ஊதிவிட்டு, "செப்டம்பர்" என்றான்.